காருக்கு எவ்வளவு, கைக்கு எவ்வளவு?

('குறைந்த செலவில் நம்பகமான பழைய கார்' என்ற தலைப்பில் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



யானை வாங்கப் பணம் இருந்ததாம், அங்குசம் வாங்கத்தான் காசு இல்லையாம். பழைய கார் வாங்குகிற நம் குடும்பங்கள் பலவற்றின் நிலையும் இதுதான். சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் முழுவதையும் காருக்கே கொடுத்துவிடுகிறார்கள். மூன்றாம் மாதம் கியர் பாக்ஸில் கோளாறு என்று பட்டறைக்காரர் சொல்லும்போது கையில் ஒன்றும் இருப்பதில்லை. கார் வீட்டு வாசலில் நின்றுவிடுகிறது. கடன் தவணை மட்டும் நிற்காமல் ஓடுகிறது.

சுங்கைப் பட்டாணியில் குடியிருந்துகொண்டு கூலிம் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் ஒரு கணவரை நினைத்துப் பாருங்கள். மனைவி பாலர் பள்ளியில் உதவியாளர். இரண்டு பிள்ளைகள். இதுவரை வீட்டில் இருந்தது ஒரே மோட்டார் சைக்கிள். மழை பெய்தாலும் பிள்ளைகளை அதில்தான் பள்ளிக்கு ஏற்றிச் செல்ல வேண்டும். நம் நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் போனவர்களே. ஆகவே இந்தக் குடும்பத்துக்குக் கார் என்பது ஆடம்பரம் அல்ல, உயிர்ப் பாதுகாப்பு. கையில் இருப்பது 20,000 வெள்ளி. இது உதாரணத்துக்குச் சொல்லும் குடும்பம்தான் என்றாலும், இவர்களைப் போன்றவர்கள் ஒவ்வொரு பட்டணத்திலும் இருக்கிறார்கள்.

வசதியுள்ளவர் தவறான காரை வாங்கிவிட்டால் அது அவருக்கு ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். இன்னொரு காரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார். இந்தக் குடும்பம் தவறான காரை வாங்கினால் வேலைக்குப் போகும் நாள் குறையும். பிள்ளையின் டியூஷன் நிற்கும். நகை அடகுக் கடைக்குப் போகும். எனவே 'எந்தக் கார் நல்ல கார்?' என்று கேட்பதற்கு முன்னால், 'காருக்கு எவ்வளவு, கைக்கு எவ்வளவு?' என்று கேட்க வேண்டியிருக்கிறது.

பணத்தை மூன்றாகப் பிரியுங்கள்

20,000 வெள்ளி இருக்கிறது என்பதற்காக 20,000 வெள்ளிக்கு விற்கும் காரைப் பார்க்கப் போகக் கூடாது. 16,000 வெள்ளிக்குள் விற்கும் காரைத்தான் பார்க்கப் போக வேண்டும். மீதி 4,000 வெள்ளியில் 1,500 வெள்ளியைக் காப்புறுதி, சாலை வரி, வாகனச் சோதனை, உரிமை மாற்றம் ஆகியவற்றுக்கு ஒதுக்கி வையுங்கள். எஞ்சிய 2,500 வெள்ளி முதல் ஆறு மாதப் பழுதுகளுக்கு. அந்தப் பணத்தைத் தொடவே கூடாது.

இந்தக் கணக்கில் பலர் தவறுவது காப்புறுதியில்தான். விற்கிறவர் பல ஆண்டுகள் விபத்தில்லாமல் ஓட்டி, 'என்சிடி' எனப்படும் தள்ளுபடியை 55 விழுக்காடு வரை சேர்த்து வைத்திருப்பார். "இந்தக் காருக்கு வருஷக் காப்புறுதி ரொம்பக் குறைவுங்க" என்று உண்மையாகவே சொல்வார். ஆனால் அந்தத் தள்ளுபடி காரைச் சேர்ந்தது அல்ல, ஆளைச் சேர்ந்தது. கார் கைமாறும்போது அது கூடவே வராது. முதன்முதலாகக் கார் வாங்குகிறவருக்குத் தள்ளுபடி எதுவும் கிடையாது. முதலாண்டு முழுத் தொகையைக் கட்டி, கோரிக்கை எதுவும் செய்யாமல் இருந்தால், அடுத்த ஆண்டில்தான் 25 விழுக்காடு குறையும். அதனால் கார் எண்ணையும் தம் விவரத்தையும் கொடுத்து, எவ்வளவு வரும் என்று காப்புறுதி முகவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

சாலை வரி பயமுறுத்தாது. தீபகற்ப மலேசியாவில் தனியார் காருக்கு எஞ்சின் 1,000 சிசிக்குள் இருந்தால் ஆண்டுக்கு 20 வெள்ளி. 1,201 முதல் 1,400 சிசி வரை 70 வெள்ளி. 1,401 முதல் 1,600 சிசி வரை 90 வெள்ளி. அதற்கு மேல் போகப் போக வரி வேகமாக ஏறும். சிறிய எஞ்சின் கார் நம் குடும்பத்துக்கு ஏற்றது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தவணை சிறிது, கடன் பெரிது

கையில் முழுப் பணம் இல்லாதவர் கடன் வாங்கத்தான் வேண்டும். அதில் தவறில்லை. ஆனால் பழைய கார்க் கடைகளில் விலையைப் பற்றிப் பேசுவது குறைவு. தவணையைப் பற்றிப் பேசுவதே அதிகம். "மாசம் முந்நூத்திப் பதிமூணுதான் அண்ணே, ஒரு நாளைக்குப் பத்து வெள்ளி சொச்சம்" என்று விற்பனையாளர் சொல்லும்போது அது மலிவாகத்தான் காதில் விழும்.

அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்ப்போம். 20,000 வெள்ளிக் கடன், ஆண்டுக்கு 4.5 விழுக்காடு வட்டி, ஏழு ஆண்டுகள் என்று வைத்துக்கொண்டால் மொத்த வட்டி 6,300 வெள்ளி. மாதத் தவணை 313 வெள்ளி. அதே கடனை ஐந்து ஆண்டுகளில் கட்டினால் வட்டி 4,500 வெள்ளி; தவணை 408 வெள்ளி. மாதம் 95 வெள்ளி கூடுதலாகக் கட்ட முடிந்தவருக்கு 1,800 வெள்ளி மிச்சம்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. இது பல ஆண்டுகளாக நமக்குப் பழகிப்போன நிலை வட்டிக் கணக்கு. ஏழாம் ஆண்டில் கடன் பெரும்பாலும் தீர்ந்திருந்தாலும், முதலில் வாங்கிய 20,000 வெள்ளிக்குமே வட்டி போடப்படுகிறது. அசல் குறையக் குறைய வட்டியும் குறையும் முறையில் இதைப் பார்த்தால், 4.5 என்பது உண்மையில் 8 விழுக்காட்டையும் தாண்டிவிடும். ஆகவே வங்கியில் கேட்க வேண்டியது, "மாதம் எவ்வளவு?" என்பது மட்டும் அல்ல. "வட்டியை எந்த முறையில் கணக்கிடுகிறீர்கள்? கடன் முடியும்போது மொத்தம் எவ்வளவு கட்டியிருப்பேன்?" என்பதையும் கேட்க வேண்டும்.

காரின் வயதையும் கடனின் வயதையும் கூட்டிப் பாருங்கள். பத்து வயதுக் காருக்கு ஏழாண்டுக் கடன் என்றால், கடைசித் தவணையைக் கட்டும்போது காருக்கு வயது பதினேழு. அந்த வயதில் பழுதும் வரும், தவணையும் வரும். இரண்டையும் ஒரே சம்பளம் தாங்குமா என்று யோசிக்க வேண்டும்.

'சேவா பெலி' என்று நாம் சொல்லும் 1967ஆம் ஆண்டின் தவணைக் கொள்முதல் சட்டப்படி, விலையில் குறைந்தது பத்தில் ஒரு பங்கை முன்பணமாகக் கட்ட வேண்டும். தொடர்ந்து இரண்டு தவணைகள் தவறினால், எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்து, கெடு முடிந்தபின் காரை மீட்டுக்கொள்ளக் கடன் கொடுத்தவருக்கு உரிமை உண்டு. மொத்த ரொக்க விலையில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் கட்டிவிட்டவரின் காரை மட்டும் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் இழுத்துச் செல்ல முடியாது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. 'சம்புங் பாயார்' என்ற பெயரில் நம்மவர் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். ஒருவர் பெயரில் உள்ள கடனை, வங்கிக்குத் தெரியாமல் இன்னொருவர் தொடர்ந்து கட்டுவதாகச் சொல்லிக் காரை எடுத்துக்கொள்வதுதான் இது. முன்பணம் குறைவு, சம்பளச் சீட்டு வேண்டாம், கடன் பட்டியலில் பெயர் இருந்தாலும் பரவாயில்லை என்று ஆசை காட்டுவார்கள். கடன் கொடுத்த நிறுவனத்தின் சம்மதம் இல்லாமல் இப்படிக் கைமாற்றுவது சட்டப்படி குற்றம். எடுத்தவர் ஆறாண்டு கட்டி முடித்தாலும் கார் அவர் பெயரில் இராது. கொடுத்தவருக்கும் நிம்மதி இல்லை. அவர் பெயரில்தான் சம்மன் வரும். அவர் பெயர்தான் வங்கியில் கெடும். எவ்வளவு நெருங்கிய உறவானாலும் இந்த ஏற்பாடு வேண்டவே வேண்டாம்.

எந்தக் கார்?

பணக் கணக்கு முடிந்த பிறகே கார் தேட வேண்டும். இதற்கு நீண்ட பட்டியல் தேவையில்லை. நம் ஊர்ப் பட்டறையில் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டத் தெரிந்த கார் எதுவோ, சிறிய பட்டணத்துக் கடையிலும் உதிரிப் பாகம் கிடைக்கும் கார் எதுவோ, அதுதான் குறைந்த பணக்காரருக்கு நல்ல கார். பார்ப்பவர் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்பது அதன் குறை அல்ல.

பெரோடுவா மைவி 2005இல் வந்தது. 2011இலும் 2017இலும் முழுதாக மாறியது. 2014இல் ஆக்சியாவும் 2016இல் பெசாவும் வந்தன. புரோட்டோன் சாகா என்ற பெயர் 1985 முதல் இருந்தாலும், இன்று பட்ஜெட் போட்டு வாங்குகிறவர் பார்க்கக்கூடியது 2008க்குப் பின் வந்த சாகாவும், 2016இல் வந்த அதற்கு அடுத்த சாகாவும்தான். நம் சாலைகளில் அதிகம் ஓடுபவை இவை. அதனால் பாகமும் மலிவு, விற்கும்போது வாங்க ஆளும் உண்டு.

இவற்றுள்ளும் வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். மைவியின் எஞ்சினில் டைமிங் செயின் இருக்கிறது. எண்ணெயை ஒழுங்காக மாற்றி வந்தால் அது நெடுநாள் உழைக்கும். சாகாவின் கேம்புரோ வகை எஞ்சினில் இருப்பது டைமிங் பெல்ட். தயாரிப்பாளர் குறித்த கிலோமீட்டரில் அதை மாற்றியே ஆக வேண்டும். ஓடும்போது பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே பாழாகலாம். இதனால் சாகா கெட்ட கார் என்று பொருள் அல்ல. பெல்ட் மாற்றிய பற்றுச்சீட்டு இருந்தால் அது நல்ல கார். சீட்டு இல்லையென்றால், மாற்றும் செலவைக் கார் விலையில் கழிக்க வேண்டும்.

கியரிலும் இதே போன்ற வேறுபாடு உண்டு. 2011 முதல் சாகாவின் தானியங்கி ரகங்களில் சிவிடி வகை கியர் பாக்ஸ் வந்தது. 2019 ஆகஸ்டில் வந்த சாகாவில் அது நான்கு வேகத் தானியங்கி கியராக மாறியது. சிவிடி கியர் பாக்ஸ் பழுதானால் செலவு கணிசமாகும். ஆகவே அந்த ஆண்டுகளின் தானியங்கி சாகாவைப் பார்க்கிறவர் கியர் எண்ணெய் மாற்றிய பதிவைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். கையால் கியர் மாற்றும் காரை ஓட்டத் தெரிந்தவருக்கு ஒரு நன்மை உண்டு. விலையும் குறைவு, பழுதுபார்ப்பதும் எளிது.

அதே 16,000 வெள்ளிக்குப் பழைய ஐரோப்பியக் கார்களும் விற்பனைக்கு வரும். தோல் இருக்கை, கனமான கதவு, மேலே திறக்கும் கூரை. இவற்றைப் பார்த்து இளைஞர்கள் மயங்கிவிடுகிறார்கள். ஒன்றை மறக்கக் கூடாது. காலம் ஆக ஆகக் காரின் விலை இறங்கும். அதன் உதிரிப் பாகத்தின் விலை அப்படி இறங்காது. புதிதாக இருந்தபோது இரண்டு லட்சம் வெள்ளிக்கு விற்ற கார், பழுதாகும்போது இரண்டு லட்சம் வெள்ளிக் காரைப் போலத்தான் பணம் கேட்கும்.

மாட்டுச் சந்தைக் கண்

அந்தக் காலத்தில் மாடு வாங்கப் போனவர்கள் பல்லைப் பிடித்துப் பார்த்தார்கள், நடக்க விட்டுப் பார்த்தார்கள், கறந்து பார்த்தார்கள். பளபளப்பைப் பார்த்து வாங்கியவர் யாரும் இல்லை. காருக்கும் அந்தக் கண் வேண்டும்.

பார்க்கப் போகும் நேரம் முக்கியம். பகலில், மழை இல்லாதபோது போக வேண்டும். இரவு விளக்கிலும் மழை ஈரத்திலும் எல்லாக் காரும் பளபளக்கும். "வரும்வரை எஞ்சினைக் கிளப்பாதீர்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் முன்மூடியைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் வரும் சத்தத்தையோ புகையையோ மறைக்க முன்பே கிளப்பி ஓட விட்டிருக்கலாம். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள்.

குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது ஒருவரைப் பின்னால் நிற்க வையுங்கள். நீலப் புகை தொடர்ந்து வந்தால் எஞ்சின் எண்ணெயைக் குடிக்கிறது. எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை அடங்கவில்லை என்றால், ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே போகலாம். கரும்புகை என்றால் பெட்ரோல் சரியாக எரியவில்லை. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே பால் கலந்த காப்பியைப் போல் படிந்திருந்தால் எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கலாம். அந்தக் காரை விட்டுவிடுவது நல்லது. சாவியைத் திருப்பியதும் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் எரிந்து, எஞ்சின் கிளம்பியபின் அணைய வேண்டும். அணையாமல் இருந்தால் கோளாறு. காற்றுப்பை விளக்கு எரியவே இல்லை என்றால் அதுவும் கோளாறுதான். விபத்தில் வெடித்த காற்றுப்பையை மாற்றாமல் விளக்கை மட்டும் பிடுங்கிவிட்டவர்களும் உண்டு.

மீட்டரில் தெரியும் எண்ணை நம்பி விலை பேசாதீர்கள். அதைக் குறைத்துக் காட்டுவது இந்தத் தொழிலில் பழைய தந்திரம். "அண்ணே, எம்பதாயிரம் கிலோமீட்டர்கூட ஓடல" என்று சொல்லும் காரில், ஸ்டீரிங் வழுவழுவென்று தேய்ந்து, பிரேக் மிதியின் ரப்பர் கரைந்து, ஓட்டுநர் இருக்கையின் ஓரம் கிழிந்திருந்தால் கார் வேறு கதையைச் சொல்கிறது. அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தின் பதிவுப் புத்தகத்தையும் பற்றுச்சீட்டுகளையும் கேளுங்கள். ஆண்டு வாரியாகக் கிலோமீட்டர் ஏறி வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

டயரிலும் தேதி இருக்கிறது. அதன் ஓரத்தில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சாகியிருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். பூ நன்றாகத் தெரிந்தாலும் பல ஆண்டுப் பழைய ரப்பர் வெடிக்கக்கூடும். முன் டயர்கள் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் அப்சாபரோ சக்கரக் கோணமோ சரியில்லை. நான்கு டயர்களும் நான்கு வெவ்வேறு மலிவு வகையாக இருந்தால், அவர் மற்ற செலவுகளையும் அப்படித்தான் செய்திருப்பார் என்று ஊகிக்கலாம்.

வெள்ளத்தில் மூழ்கிய காரைத் தனியாகத் தேட வேண்டும். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா உள்ளிட்ட கிள்ளான் பள்ளத்தாக்குப் பகுதிகளில் ஏற்பட்ட வெள்ளத்தில் கார்கள் கூரை வரை மூழ்கியதை எல்லாரும் பார்த்தோம். கிழக்குக் கரையில் பருவமழை வெள்ளம் ஆண்டுதோறும் வருகிறது. அப்படி மூழ்கிய கார் கழுவித் துடைக்கப்பட்டு, வேறு மாநிலத்தில் விற்பனைக்கு வரலாம். இருக்கை வாரைக் கடைசி வரை வெளியே இழுத்துப் பாருங்கள்; அடிப் பகுதியில் சேற்றுக் கறை ஒட்டியிருக்கும். கால் விரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். இருக்கைக்கு அடியில் உள்ள திருகாணிகளிலும், மாற்று டயர் வைக்கும் குழியிலும் துரு இருக்கிறதா என்று பாருங்கள். மூழ்கிய காரின் மின் இணைப்புகள் ஆறு மாதம் கழித்துக்கூட ஒவ்வொன்றாகக் கைவிடும். விலை பாதியானாலும் அது நம் குடும்பத்துக்கு வேண்டாம்.

பிறகு ஓட்டிப் பாருங்கள். சந்து முனை வரை போய்த் திரும்புவது ஓட்டம் ஆகாது. அரை மணி நேரமாவது, நெடுஞ்சாலையிலும் மேடு பள்ளத்திலும் ஓட்ட வேண்டும். வானொலியை அணைத்துவிட்டு, ஏர்கோனைப் போட்டுக்கொண்டு ஓட்டுங்கள். கியர் மாறும்போது உதறுகிறதா? பிரேக் அழுத்தும்போது ஒரு பக்கம் இழுக்கிறதா? சிவப்பு விளக்கில் நிற்கையில் வெப்ப முள் ஏறுகிறதா? ஸ்டீரிங்கை முழுதாகத் திருப்பும்போது கடகடக்கிறதா? காது கொடுத்துக் கேட்டால் காரே சொல்லும்.

காகிதமும் போர்மேனும்

'கெரான்' என்று நாம் சொல்லும் உரிமைச் சான்றிதழில் உள்ள அடிச்சட்ட எண்ணும் எஞ்சின் எண்ணும் காரில் உள்ளவற்றோடு ஒத்திருக்க வேண்டும். எண்ணைச் சுற்றி வெட்டி ஒட்டிய தடமோ புதுச் சாயமோ இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். இரண்டு விபத்துக் கார்களை வெட்டி இணைத்து ஒன்றாக்குவதும், திருட்டுக் காருக்கு வேறு காரின் எண் கொடுப்பதும் நடந்திருக்கின்றன. விற்பவரும் சான்றிதழில் உள்ளவரும் ஒருவரா, காரின் மேல் கடன் பாக்கி இருக்கிறதா, சம்மன் இருக்கிறதா என்பதையும் கேட்டறிய வேண்டும்.

உரிமை மாற்றத்துக்கு முன் புஸ்பாகோம் போன்ற அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் பி5 சோதனை நடக்கும். கடன் வாங்கினால் பி7 சோதனையும் உண்டு. இவை அவசியமானவை. ஆனால் இவை சொல்வது, அடையாள எண்கள் சரியாக இருக்கின்றன, அன்றைய நாளில் கார் விதிகளுக்கு உட்பட்டிருக்கிறது என்பதைத்தான். கியர் பாக்ஸ் இன்னும் எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதை அந்தச் சோதனை சொல்லாது. 'சோதனையில் தேறிவிட்டது' என்பதை 'நல்ல கார்' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அதைச் சொல்லக்கூடியவர் ஒரு போர்மேன். கடைக்காரர் காட்டும் போர்மேன் அல்ல. வாங்குகிறவர் தாமே தேடிய, விற்பனையில் பங்கில்லாத போர்மேன். காரை மேலே தூக்கி அடிப்பக்கம் பார்க்க அவருக்குக் கூலி கொடுங்கள். அந்தக் கூலியை வீண் செலவு என்று நினைக்கிறவர்கள்தான் பின்னால் ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறார்கள். "வெளியே கொண்டுபோய்க் காட்ட முடியாது" என்று விற்பவர் மறுத்தால், அந்தப் பதிலே போதும்.

விற்பவர் யார்?

கடையில் வாங்குவதற்கும் தனி ஆளிடம் வாங்குவதற்கும் வேறுபாடு உண்டு. தனி ஆளிடம் விலை குறையலாம். காரை அவர் எப்படி வைத்திருந்தார் என்று அவர் வீட்டு வாசலிலேயே தெரியும். ஆனால் பிறகு பிரச்சினை என்றால் அவரைப் பிடிப்பது கடினம். வியாபாரியிடம் வாங்கியவருக்கு 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கும். பழைய பொருளுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையைப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளிக் கட்டணத்தில் பதிவு செய்யலாம். வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை.

ஆனால் மன்றத்தில் வாய்ப்பேச்சு நிற்காது. 'விபத்தில்லாத கார்', 'வெள்ளத்தில் மூழ்காத கார்', 'எஞ்சினுக்கும் கியருக்கும் இத்தனை மாத உத்தரவாதம்' என்று கடைக்காரர் சொல்வதையெல்லாம் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் முழுதும் திருப்பித் தரப்படும் என்பதையும் எழுத வேண்டும். எழுத மறுப்பவர் சொன்ன வாக்கை எப்படி நம்புவது?

'தெரிந்தவர்' என்பதும் ஒரு வலைதான். மாமன் மகன், கோயில் கமிட்டி நண்பர், வேலையிடத்து அண்ணன் ஆகியோரிடம் வாங்கும்போது, காரைத் தூக்கிப் பார்க்கவும் சீட்டைக் கேட்கவும் நமக்குக் கூச்சம். "நான் உனக்குக் கெட்டதா கொடுப்பேன்?" என்ற ஒரு கேள்வியில் எல்லாம் அடங்கிவிடுகிறது. அவருக்கே தெரியாத பழுது காரில் இருக்கலாம். பிறகு காரும் போகும், உறவும் போகும். உறவைக் காப்பாற்ற நினைப்பவர் முதலிலேயே சொல்லிவிடலாம்: "அண்ணே, உங்க மேல சந்தேகம் இல்ல. கார் மெஷின்தானே, போர்மேன் ஒரு தடவ பார்த்துடட்டும்."

தீபாவளிக்குள் கார் வேண்டும், பள்ளி திறப்பதற்குள் கார் வேண்டும் என்ற அவசரமும் பணத்தைக் கரைக்கும். "இன்னொருத்தர் சாயந்திரம் வர்றார்" என்ற பேச்சுக்குப் பதறாதீர்கள். மைவியும் சாகாவும் நாடு முழுதும் கிடக்கின்றன. பேரம் பேசும்போது, "கொஞ்சம் குறைங்க" என்று கெஞ்சுவதைவிட, "டயர் நாலும் மாற்றணும், பெல்ட் மாற்றிய சீட்டு இல்லை, அப்சாபர் கசியுது" என்று போர்மேன் எழுதிக் கொடுத்த தொகையைக் காட்டிக் குறைக்கச் சொல்லுங்கள். குறையவில்லை என்றால் எழுந்து வந்துவிடலாம். வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவரிடம்தான் விலை இறங்கும்.

வாங்கிய முதல் வாரம்

அந்த 2,500 வெள்ளி இப்போதுதான் வேலை செய்யத் தொடங்குகிறது. பதிவு எதுவும் கிடைக்காத காராக இருந்தால், எஞ்சின் எண்ணெய், வடிகட்டி, பிரேக் எண்ணெய், ரேடியேட்டர் நீர் ஆகியவற்றை முதல் வாரத்திலேயே மாற்றிவிட வேண்டும். கியர் எண்ணெயைப் போர்மேனின் ஆலோசனைப்படி பார்க்க வேண்டும். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று தெரியவில்லை என்றால் மாற்றிவிடுவதே நல்லது. ரேடியோவும் விளிம்புச் சக்கரமும் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்.

முந்நூறு பக்க நோட்டுப் புத்தகம் வேண்டாம். பிள்ளையின் பழைய பயிற்சிப் புத்தகத்தில் எஞ்சிய நான்கு தாள் போதும். எந்தத் தேதி, எத்தனையாவது கிலோமீட்டர், என்ன மாற்றியது, எவ்வளவு செலவு என்று எழுதி வைத்தால், நாளை அந்தக் காரை விற்கும்போது அதுவே நல்ல விலை வாங்கித் தரும்.

நம்பகமான பழைய கார் கடையில் பாதிதான் கிடைக்கிறது. மறுபாதியை வாங்கியவர்தான் ஆக்கிக்கொள்ள வேண்டும். அதற்குப் பையில் மீதி வேண்டும். சுங்கைப் பட்டாணிக் குடும்பம் 20,000 வெள்ளிக்கு ஒரு பளபளப்பான காரை வாங்கியிருந்தால் முதல் பழுதிலேயே மோட்டார் சைக்கிளுக்குத் திரும்பியிருக்கும். 16,000 வெள்ளிக்குச் சற்றுப் பழைய, சாயம் மங்கிய, பதிவுப் புத்தகம் ஒழுங்காக உள்ள காரை வாங்கினால், பழுது வரும் நாளில் பட்டறைக்குப் போய் வேலையை முடித்துவிட்டு, மறுநாள் காலை வழக்கம் போல் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வேலைக்குப் போகும்.